மயில்துத்தமும் தோடஞ்சோலையும்

தோடை மரங்களுக்குத் தெளிக்கும் போர்டோக் கலவை, பிரான்சு நாட்டிலே திராட்சைத் திருடரை அஞ்சுவிக்கப் பிறந்தது. மெதொக் பகுதித் தோட்டக்காரர், தெருவோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைப்பர். நீலம் பூத்த பழத்தை நஞ்சென்றெண்ணி வழிப்போக்கர் தொடார். 1882ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவ்வழியே சென்ற தாவரவியற் பேராசிரியர் மில்லார்டே, ஏனைய கொடிகள் பங்கசு நோயால் இலையுதிர்த்து நிற்க, தெருவோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருத்தலைக் கண்டார். ஆராய்ந்து, 1885இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். நம் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் வாட்டிய இலைத்துரு நோயை ஆராய்ந்த மார்சல் வார்டு, மருந்து காணாமலே இலங்கையை விட்டகன்றதும் அதே 1882இல்தான்!

மயில்துத்தத்தைத் தனியே தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு அதன் அமிலத்தை அடக்கி, செம்பை எளிதிற் கரையாத படிவாக்கி இலையில் ஒட்டவைக்கிறது. அதிலிருந்து சிறுகச் சிறுகக் கசியும் செம்பு, ஈரத்தில் முளைக்கும் பங்கசு வித்திகளைக் கொல்லும். இலைக்குள்ளே புகுந்துவிட்ட பங்கசை அது தீண்டாது. ஆகவே நோய்க்கு முந்தித் தெளித்தல் வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்ப்பர். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலவை ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவிலே தோடைச் சொறிநோய்க்கு வந்தது. சொறி குறைந்தது, செதிற்பூச்சியோ பெருகிற்று. அப்பூச்சியைக் கொல்லும் நட்புப் பங்கசுகளையும் செம்பு அழித்துவிட்டதே காரணம். மறுபுறம், நுனியிலிருந்து கிளை காய்ந்துவரும் வேறொரு பிணியும் இதனாலே தீர்ந்தது. அது பங்கசு நோயன்று. மணல் நிலத்திற் செம்பில்லாக் குறை. செம்பு பயிருக்கு இன்றியமையாத உணவென்பது 1931இலேதான் உறுதியாயிற்று.

உணவென்று தெரிந்தபின் உரத்திலும் செம்பு கலந்தனர், தெளிப்பதையும் விடவில்லை. செம்போ மழையிற் கரைந்தோடாமல் மேல்மண்ணிலே தங்கிவிடும். 1950களில், முதிய தோப்புகளிலே வேர் குன்றி, இரும்புச்சத்தை உறிஞ்ச மாட்டாமல் இலைகள் வெளிறின. சுண்ணாம்பிட்டு மண்ணின் அமிலத்தைக் குறைத்தால் நஞ்சின் வேகம் தணியும். மண்ணில் ஏறிய செம்பு அங்கேயே கிடக்கும். செம்பு மருந்துகள் இன்றும் தோடைக்குத் தெளிக்கப்படுகின்றன. பழைய தோப்பு நிலத்தில் மறுபடி கன்று நடுவோர், முதலிலே மண்ணிலுள்ள செம்பை அளந்து பார்க்கின்றனர்.