சிறுவர் படநூல்

எழுத்தறியாத குழந்தையையும் வாசகராக ஏற்று, படத்தைக் கொண்டே கதையை நடத்திச் செல்லும் நூல் வகை. சித்திரக்கதையையும் படம் மிகுந்த பாட்டுப் புத்தகத்தையும் இதில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1840இல் நாகர்கோவிலில் வெளிவந்த 'பாலதீபிகை' தமிழின் முதல் சிறுவர் இதழ் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது.

1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியபோது எழுதுவோர் பெருகினர். வண்ணம் மட்டும் பெருகவில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளாக் செய்து தனித்தனியாக அச்சேற்ற வேண்டியிருந்ததால், பெரும்பாலான நூல்கள் ஒற்றை நிறக் கோட்டோவியத்தோடு நின்றன. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இதழ் இதற்கு விதிவிலக்கு. வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை அதில் வரைந்தவர் ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன், 1924–2020). படிக்கத் தெரியாத தம்பி தங்கையரும் அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்டினர்.

வண்ணப் படநூல் எளிய வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது சோவியத் வெளியீடுகளால்தான். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. அகன்ற தாள், பக்கம் நிறைந்த ஓவியம், அரசு மானியத்தால் மிகக் குறைந்த விலை. பனிக்காட்டையும் கரடியையும் நேரில் கண்டிராத குழந்தைகள் அவற்றின் நிறத்தை இந்நூல்களில்தான் அறிந்தனர். மொழிபெயர்ப்பு நடை சில இடங்களில் விறைப்பாக இருந்தது உண்மை. அதையும் மீறி அந்நூல்கள் கிழியும்வரை படிக்கப்பட்டன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் வரத்து நின்றது. அவற்றுள் சில பின்னர் தமிழ்நாட்டிலேயே மறுபதிப்பாயின.

நூல் இருந்தும் குழந்தையின் கைக்கு எட்டாத நிலைக்குக் காஞ்சிபுரம் ஒரு சான்று. உடலும் கரையும் வேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை; தறியின் ஓரத்தில் அமர்ந்து ஒரு நாடாவை எறிந்து தரும் உதவியாள் பல வீடுகளில் சிறுவராகவே இருந்தார். 1986இன் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்துக்குப் பின்னும் இவ்வழக்கம் நீடித்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2003ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்தது. தறியிலிருந்து மீட்கப்பட்ட சிறுவருக்கெனச் சிறப்புப் பள்ளிகளும் நடந்தன. 'வீட்டிற்கோர் புத்தகசாலை' வேண்டும் என்று வானொலியில் பேசிய அண்ணா (1909–1969) பிறந்ததும் இந்த நெசவூரில்தான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

சென்னையில் 1994இல் தாரா, 1996இல் தூலிகா ஆகிய பதிப்பகங்கள் தோன்றின. தாராவின் பட்டுத்திரை அச்சு நூல்கள் உலக அளவில் அறியப்பட்டவை. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். 2023இல் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்னும் நான்கு நிலைகளில் சிறு படநூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கியது.