கேசட் பெட்டியும் கரையான் தின்ற ஏடும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க. கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கு.

முதலில் நாங்கள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறோம். 2011-ல், திருப்பணிக்கு முன்னாடி, கோயில் சாமான் அறையைச் சுத்தம் பண்ணினோம். உடைந்த குழாய் ஒலிபெருக்கி, துருப்பிடித்த விளக்குத் தண்டு, பழைய பந்தல் துணி. அதோடு ரெண்டு பிஸ்கட் டின் நிறைய கேசட். பிளேயர் கெட்டுப்போய் பல வருஷம் ஆச்சு. "இந்தப் பாட்டெல்லாம் இப்போ ஒரே எம்பி3 சிடியில வருது, யூடியூப்லயும் இருக்கு, இதை வச்சு என்ன பண்றது?" என்று பேசிக்கொண்டே எல்லாவற்றையும் குப்பை லாரியில் ஏற்றிவிட்டோம். அன்றைக்கு நல்ல காரியம் செய்த திருப்தியோடுதான் வீட்டுக்குப் போனோம்.

இந்த வருஷம் ஆலய மலருக்காகப் பழைய படங்களைத் தேடினோம். அப்போது மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "1988 கும்பாபிஷேகத்துல ஊர்லேர்ந்து வந்த ஓதுவார் பாடினாரே, அந்தக் கேசட் எங்கப்பா?" அந்த ஓதுவார் மண்டலாபிஷேகம் முடியும் வரை 48 நாள் இங்கேயே தங்கியிருந்தார். நம் தேவார வகுப்பின் முதல் பிள்ளைகளுக்குப் பண்ணோடு பாடச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நாலு கேசட்டில் பதிவு பண்ணி வைத்திருந்தார்களாம். அந்த நாலும் பிஸ்கட் டின்னில் இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியாது. ஒரு கேசட்டையும் திறந்து பார்க்காமல்தான் போட்டோம்.

யூடியூபில் தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. அது நம் கோயிலில் மட்டும் நடந்தது.

இந்த வருத்தத்தில்தான் பழைய கதைகளை எடுத்துப் படித்தோம். இது புதுசா நடக்கிற விஷயமே இல்லை என்று புரிந்தது.

தேவாரம் நமக்குத் திரும்பக் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். அப்பரும் சம்பந்தரும் பாடியது 7-ஆம் நூற்றாண்டில். முதலாம் இராசராச சோழன் பட்டத்துக்கு வந்தது 985-ல். இடையில் சுமார் முந்நூறு வருஷம். மன்னன் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிகங்களைக் கேட்டு உருகி, முழுவதும் வேண்டும் என்று தேடினான். நம்பியாண்டார் நம்பியின் துணையோடு, தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து பார்த்தால், ஏடுகளின் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது, கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததுதான் இன்று நாம் பாடும் தேவாரம். இது நம் மரபு சொல்லும் வரலாறு.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பலர் சொல்வதில்லை. ஏடு கிடைத்தது, எழுத்து கிடைத்தது. ஆனால் எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது? அது ஏட்டில் தெளிவாக இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் திருஎருக்கத்தம்புலியூரில் கண்டு, அவர் பாடிக் காட்டியதைக் கொண்டுதான் பண் வகுத்தார்களாம். எழுத்தை ஏடு காப்பாற்றியது. ஓசையை ஒரு மனுஷிதான் காப்பாற்றினார்.

அடுத்தது நம்மைப் போன்ற கோயில்காரர்கள் வெட்கப்பட வேண்டிய கதை. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் எழுதியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவரின் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனார். ஏடுகள் இல்லை. பழுதான ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. முறைப்படி, பக்தியோடு, இடத்தைச் சுத்தம் பண்ணினார்கள். 2011-ல் நாங்கள் செய்ததும் அதேதான். எங்களிடம் நெய் மட்டும்தான் இல்லை.

ஏட்டுக்குப் பிறகு ஓசையையே பிடித்து வைக்கும் காலம் வந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியது இந்தியாவின் முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் ஒன்று. அந்தக் காலத் தட்டு அரக்கால் செய்தது. நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு மூணு, நாலு நிமிஷம்தான். கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தட்டுக்காக அதைச் சில நிமிஷத்தில் சுருக்கி வாசிக்க வேண்டியிருந்தது. எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்குத் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் வீட்டில் அந்த அரக்குத் தட்டை உடையாமல் வைத்திருந்ததுதான் காரணம்.

இரண்டாம் உலகப் போரில் அரக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மக்களிடம் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். அதில் என்னென்ன குரல் போனதோ! நம் பக்கமும் கதை அதுதான். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. இன்று அதற்கு ஒரு பிரதிகூட இல்லை. ஊரே பார்த்த படம், யாரும் எடுத்து வைக்கவில்லை.

1948-ல் நீண்ட நேர எல்.பி. தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதனால்தான் 1963-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் வெங்கடேச சுப்ரபாதத்தை மூணு நிமிஷத் துண்டுகளாக வெட்டாமல் கேட்க முடிந்தது. அதே 1963-ல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை அறிமுகப்படுத்தியது. கேசட்டில் ஒரு புதுமை இருந்தது: நாமே பதிவு பண்ணலாம்! தட்டு போட கம்பெனி வேண்டும். கேசட்டுக்கு ஒரு ரேடியோ செட் போதும். தோட்டக் கோயில்களில்கூட திருவிழாவையும் பஜனையையும் பதிவு பண்ணி வைத்தார்கள். விடியற்காலையில் குழாயில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், வெள்ளிக்கிழமை எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு, கார்த்திகை வந்தால் வீரமணியின் ஐயப்பன் பாட்டு. நம்மில் பலருக்கு பக்தியே அந்தக் கேசட் சத்தத்தோடுதான் ஆரம்பித்தது.

பிறகு சிடி, எம்பி3. 2013-ல் ஸ்பாட்டிஃபை நம் நாட்டுக்கு வந்தது. இன்று எல்லாம் கைப்பேசியில். நாங்கள் அதைக் குறை சொல்ல வரவில்லை. கோயிலில் காலையில் பாட்டு போடுவதே அப்படித்தான். ஆனால் போன தைப்பூசத்தில் தீபாராதனை நடுவில் ஷாம்பு விளம்பரம் ஓடியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இன்று இருக்கிற பாட்டு, உரிமை முடிந்தால் நாளைக்கு இருக்காது. சொல்லாமல் எடுத்துவிடுவார்கள். பாடகர் பேர் இருக்கும், பாட்டு எழுதியவர் யார், மிருதங்கம் யார் என்று பல நேரம் இருக்காது. பழைய தட்டின் உறையில் அதெல்லாம் அச்சிட்டிருக்கும். இந்தக் காலத்திலும் 2020-ல் அமெரிக்காவில் இசைத்தட்டு விற்பனை வருமானம் சிடியை முந்தியது. 1986-க்குப் பிறகு அது முதல் முறை. கையில் ஒன்று இருக்கணும் என்ற ஆசை மனுஷனை விடவில்லை.

அந்த ஆசை முற்றினால் பைத்தியம் என்கிறோம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். புத்தகம், பத்திரிகை, நாடகப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்ட அச்சுத்தாளை எல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டு போகாமல், 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. சென்னையில் வி.ஏ.கே.ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்து வைத்தார். ஒதுக்கிப் போட்ட பொருளை இப்படிச் சிலர் பிடித்து வைக்காவிட்டால், நம் இசை வரலாற்றில் எவ்வளவு இடம் வெறும் ஓட்டையாக இருந்திருக்கும்!

நம் தாமானிலும் அப்படி ஒரு ஐயா இருக்கிறார். பேர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. பசார் மாலாம், மூடப்போகும் இசைக்கடை, பழைய இரும்புக்காரர் லாரி எதையும் விடமாட்டார். ஒரு ரூமுக்குள்ள கால் வைக்க முடியாது. ஒரே கேசட்டில் ஆறு இருக்கும். "ஏன் ஐயா ஆறு?" என்று கேட்டால், "ஒண்ணு அறுந்து போனா?" என்பார். அவர் வீட்டு அம்மா சொன்னது: "சாமி படம் மாட்ட இடம் இல்லாத வீட்டுல சாமி பாட்டுக்கு மட்டும் இடம் இருக்கு."

நாங்களும் சிரித்தவர்கள்தான். போன மாதம் சிரிப்பை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போனோம். 1989-ல் கோயிலிலிருந்து ஒரு ராத்திரிக்கு மட்டும் இரவல் வாங்கி, ரெட்டை கேசட் ரேடியோவில் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அட்டையில் பென்சிலில் தேதி, ஓதுவார் பேர், பதிகம், பண் எல்லாம் அவர் கையெழுத்தில். நாலில் ஒன்று. மற்ற மூணும் அவரிடமும் இல்லை. "திருப்பிக் கொடுத்துட்டு அடுத்தது கேட்டேன், அப்புறம் தரேன்னாங்க, தரல" என்றார். யார் அப்படிச் சொன்னது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். உஸ்ஸென்று இரைச்சல், நடுவில் மணிச்சத்தம், குழந்தை அழுகை, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி மைக்கில் அறிவிப்பு. அறிவித்த தலைவர் இன்று இல்லை. அதற்கெல்லாம் மேலே ஓதுவாரின் குரல். கேட்ட மூத்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைங்க இப்போ மூணாவது அடியை இறக்கிப் பாடுதுங்க. அவர் ஏத்திப் பாடுவார்னு சொன்னேனே, கேட்டீங்களா?" என்றார். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயசானவங்க பேச்சு என்று விட்டுவிட்டோம். அவர் சொன்னதுதான் சரி. தேவார வகுப்பில் இப்போது திருத்திச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இதிலிருந்து நாங்கள் புரிந்துகொண்டதைச் சொல்கிறோம். சேர்ப்பது வேறு, காப்பது வேறு. ஐயாவின் ரூமில் இருக்கும் எல்லாமே பொக்கிஷம் என்று சொல்ல மாட்டோம். கடையில் ஆயிரக்கணக்கில் விற்ற கேசட் எங்காவது ஒரு மூலையில் கிடைக்கும். அதில் ஆறு பிரதி வைப்பது பற்று, அவ்வளவுதான். அதை அவரிடமே சொன்னோம், சிரித்தார். ஆனால் உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் ஓசையைத் தேடி எடுத்து, பிரதி எடுத்து, அட்டையில் பேர் எழுதி வைத்தாரே, அது தொண்டு. தில்லையில் ஏட்டைப் பூட்டி வைத்தார்கள், கரையான் தின்றது. கரிவலத்தில் முறைப்படி எரித்தார்கள். பூட்டி வைத்தாலும் போகும், தூக்கிப் போட்டாலும் போகும். கேட்டு, எழுதி, இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் நிற்கும்.

இப்போது வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில், பரணில், தாத்தா பெட்டியில் நம் கோயில் சம்பந்தப்பட்ட கேசட், வீடியோ டேப், சிடி எதுவாக இருந்தாலும் கொண்டு வாங்க. கடையில் வாங்கிய பாட்டுக் கேசட் வேண்டாம், திருவிழா, பஜனை, சொற்பொழிவு, தேவாரம் என்று நீங்களே பதிவு பண்ணியது வேண்டும்.

கொண்டு வரும் முன் சில விஷயம்:

வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீங்க. நாடா கெடும், பிளேயரும் கெடும். அப்படியே கொடுங்க.

கேசட்டின் மேல்விளிம்பில் ரெண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறு பதிவு ஏறாது. உடைந்த இடத்தில் டேப் ஒட்டினால் மறுபடி பதிவாகும். எத்தனை வீட்டில் தேவாரத்தின் மேல் சினிமாப் பாட்டு ஏறியதோ தெரியாது. ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்க.

யார் பாடியது, எந்த வருஷம், என்ன விசேஷம்? ஞாபகம் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்க. தெரியவில்லை என்றால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்க. இன்றைக்கே கேளுங்க.

பிரதி எடுத்ததும் கேசட் உங்களிடமே திரும்ப வரும். கோப்பு மூணு இடத்தில் இருக்கும்: கோயில் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, இன்னொன்று உங்கள் வீட்டில். இந்த முறை "அப்புறம் தரேன்" என்று யாருக்கும் சொல்ல மாட்டோம்.

பிரதி எடுக்கும் வேலையைப் பார்க்கப் போவது அந்த ஐயாதான். ஓடுகிற பிளேயர் அவரிடம் மட்டும்தான் இருக்கு. அதிலும் மூணு.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜைக்குப் பிறகு அன்னதான மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்கும் புலனத்தில் அனுப்பி விடுங்க. 1988-ல் இங்கே இருந்தவர்கள் இன்று பல ஊரில் இருக்கிறார்கள். மிச்சம் மூணு கேசட்டின் பிரதி யார் வீட்டிலாவது இருந்தாலும் இருக்கும்.

திருச்சிற்றம்பலம்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்