சலாபாயின் கட்டளை

சூரத்தை அடுத்த உத்னா சந்திப்பிலிருந்து கிழக்கே பிரிந்து, தபதி நதிப் பள்ளத்தாக்கு வழியே செல்லும் இருப்புப்பாதையில் பிரயாணம் செய்திருக்கும் தமிழ் மக்கள் பலர் உண்டு. பர்தோலி நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டதும் 1928-ஆம் ஆண்டின் வரிகொடா இயக்கம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அதற்கப்பால் வரும் வியாராவும் சோன்கடும் நமக்கு வெறும் ஊர்ப்பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. ஆயினும், பர்தோலிப் போராட்டத்திற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே அவ்வூர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் நிகழ்ந்த ஒரு செய்தி, மதுவிலக்கின் சரித்திரத்தில் நாம் கருத்தூன்றிப் பார்க்கத் தக்கதாகும்.

1922 நவம்பர் மாதத்தில், தென் குஜராத்தின் கான்பூர் என்னும் கிராமத்தருகே ஆதிவாசி மக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் கூடினர். பச்சைத் தழைப் பந்தலின் கீழ்ச் சாமியாடிகள் அமர்ந்திருந்தனர். அவர்கள் கையில் செந்நிறத் துணி. தலையை அசைத்து அசைத்து அருள் வந்த நிலையில், அத்துணியில் எழுதியிருப்பதை வாசிப்பவர் போல அவர்கள் தேவியின் கட்டளைகளைச் சொல்லலாயினர். சாராயத்தையும் கள்ளையும் விடுங்கள், இறைச்சியையும் மீனையும் விலக்குங்கள், நாள்தோறும் குளியுங்கள், சாராயக் கடைக்காரரோடு எவ்வித உறவும் வேண்டாம்! கட்டளையிட்ட அத்தேவியின் பெயர் சலாபாய். கிழக்கு மலைகளிலிருந்து அவள் இறங்கி வந்திருப்பதாக மக்கள் நம்பினர்.

உண்மையில் அவள் புறப்பட்ட இடம் மலையன்று, கடற்கரை. அவ்வாண்டின் தொடக்கத்தில், பம்பாய்க்கு வடக்கே பால்கர்ப் பகுதியின் மீனவர் அம்மை நோய்த் தெய்வத்தைச் சாந்தி செய்ய எடுத்த வழிபாடே இதன் ஊற்று. அம்மை கண்ட வீட்டில் அம்மன் எழுந்தருளியிருப்பதாகக் கருதி, வேப்பிலை கட்டி, அடக்கம் காத்த மரபினராகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஊர்விட்டு ஊர் பரவி, மலைநாடுகளைச் சுற்றிக்கொண்டு சூரத் ஜில்லாவை எட்டியபோது, நோய் தணிக்கும் சடங்கு குடியை ஒழிக்கும் இயக்கமாக உருமாறியிருந்தது.

அது ஏன் அவ்வாறு மாறிற்று என்று அறிய, சௌத்ரி, காமித், தோடியா, கோங்கணா முதலிய அப்பகுதிக் குடிகளின் வாழ்க்கையில் மது பெற்றிருந்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே மகுவா என வழங்குவது நம் இலுப்பையின் இனத்தைச் சேர்ந்த மரம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோம் அல்லவா? அந்த இனிப்பே ஆதிவாசிக்குப் பஞ்ச காலத்தில் உணவு, பண்டிகை நாளில் சாராயம். பிறப்பு, திருமணம், மூதாதையர் வழிபாடு ஆகிய யாவற்றிலும் அவர்கள் வீட்டிலேயே வடித்த மதுவுக்கு இடம் உண்டு. ஈச்சங்கள்ளோ வேனிற் காலத்துப் பானம். இவை காசு கொடுத்து வாங்கியவை அல்ல.

1878-இல் பம்பாய் இராஜதானியில் அப்காரிச் சட்டம் பிறந்தது. வீட்டில் வடிப்பது குற்றமாயிற்று. கள் இறக்கும் மரத்திற்கு வரி விதிக்கப்பட்டது. சாராயம் உரிமம் பெற்ற கடையில் மட்டுமே விற்கப்படலாயிற்று. 1892-இல் தாணா, கொலாபா ஜில்லாக்களில் இலுப்பைப்பூவை வைத்திருப்பதற்கே கட்டுப்பாடு விதித்து ஒரு தனிச் சட்டமும் வந்தது. தன் மரத்துப் பூவைத் தான் வைத்துக்கொள்ளக் கூடாது என்றால், அதற்கு மேல் என்ன இருக்கிறது! தென் குஜராத்தின் சாராயக் கடைகள் பெரும்பாலும் பார்சி வியாபாரிகளின் கையில் இருந்தன. கடையில் கடன் ஏறியது; கடனுக்கு நிலம் போயிற்று; நிலம் போனபின் அதே நிலத்தில் கூலி வேலை. சர்க்காரின் முகமாக அவ்வேழைகள் கண்டது அந்தக் கடையைத்தான். எனவே, அவர்கள் கொண்ட சினத்தை ஒரு சமூகத்தின் மீது கொண்ட மதப் பகைமையாகக் கருதுவது தவறாகும்.

மதுவிலக்கைப் பேசியவர்கள் இவர்களுக்கு முன்னரும் இருந்தனர். பிரிட்டிஷ் பார்லிமெண்டு அங்கத்தினரான டபிள்யூ. எஸ். கெயின் முதலியோர் 1889-இல் இலண்டனில் ஒரு மதுவிலக்குச் சங்கம் அமைத்து, இந்திய அப்காரிக் கொள்கையைக் கண்டித்து வந்தனர். அவையெல்லாம் குடியாதவர் குடிப்பவருக்குச் செய்த உபதேசங்கள். தபதிக் கரையில் எழுந்த குரலோ குடித்தவர்களின் வாயிலிருந்தே வந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் தேவியின் கட்டளைகளில் புதிய சொற்கள் புகுந்தன. காந்தியின் பெயரால் பிரமாணம் செய்யுங்கள், கதர் உடுத்துங்கள் என்றாள் சலாபாய். காந்தியடிகள் அப்போது எரவாடாச் சிறையில் இருந்தார். ஆயினும் சிலந்திகள் தம் வலையில் அவர் பெயரை எழுதுவதாகவும், அவர் சிறையினின்று மறைந்து வந்து கிணற்றுக்குள் தேவியின் அருகே அமர்ந்து இராட்டை நூற்பதாகவும் ஊர்கள்தோறும் பேச்சு பரவியது. காங்கிரஸ் ஊழியர்கள் இவ்வியக்கத்தைத் தோற்றுவிக்கவில்லை. எழுந்த பின்னரே வந்து சேர்ந்தனர். 1923 ஜனவரியில் ஷேக்பூரில் கூடிய ஆதிவாசி மாநாட்டிற்கு வல்லபபாயும் கஸ்தூரிபாவும் வந்திருந்தனர்.

உயர்ஜாதியாரின் ஒழுக்கத்தை ஆதிவாசிகள் காப்பியடித்தார்கள் என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடுவோர் உளர். கிராமம் கிராமமாகச் சென்று முதியோரைக் கேட்டு 1987-இல் நூல் வெளியிட்ட டேவிட் ஹார்டிமன் என்னும் சரித்திராசிரியர் அதனை ஏற்கவில்லை. கடைக்காரன் வயலில் வேலைக்குப் போவதில்லை என்பதும் கட்டளைகளில் ஒன்றாக இருந்ததை நோக்கும்போது, அவர் கூற்றே பொருத்தமுடையதாக நமக்கும் தோன்றுகிறது. விரதம் எல்லாரிடமும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விலக்கியவர் ‘வர்ஜேலா’ என்றும், பழைய வழிக்கே திரும்பியவர் ‘சர்ஜேலா’ என்றும் ஒரே குடியினுள் இரு பிரிவுகள் ஏற்பட்டன.

அடுத்த அத்தியாயம் சட்டசபைகளில் நடந்தது. 1937 அக்டோபர் முதல் நாள், சென்னை இராஜதானியின் பிரதம மந்திரி இராஜாஜி தம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்புக்கு ஈடு தேடியே 1939-இல் விற்பனை வரி வந்தது. 1939 ஆகஸ்டு முதல் நாள் பம்பாய் நகரில் மதுவிலக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த மந்திரி டாக்டர் கில்டர், தாமே ஒரு பார்சி வைத்தியர் என்பதைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. தம் சமூகத்தாரில் பலரின் கண்டனத்தை அவர் தாங்கிக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் மந்திரிசபை விலகியதும் அம்முயற்சி தளர்ந்தது.

சுதந்திரத்திற்குப் பின் அரசியல் சட்டத்தின் 47-ஆம் விதி மதுவிலக்கை இராஜ்யத்தின் கடமைகளுள் ஒன்றாக வகுத்தது. 1949-இல் இயற்றிய பம்பாய் மதுவிலக்குச் சட்டம், 1960-இல் பிறந்த குஜராத்துக்கும் உரியதாயிற்று. அச்சட்டத்தின் நிழலிலேயே 2009-இல் ஆமதாபாதில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 2022-இல் போடாட் பகுதியில் நாற்பதுக்கு மேற்பட்டோரும் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். இறந்தோர் பெரும்பாலும் ஏழைகளே.

இன்னொன்று. அன்னியர் 1892-இல் இலுப்பைப்பூவின் மேல் விதித்த கட்டுப்பாடு, நம்மவர் இயற்றிய 1949-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆதிவாசிகள் அப்பூவைச் சேகரிக்கவும் வீட்டில் வைத்திருக்கவும் இருந்த தடைகளை மகாராஷ்டிர அரசு 2021-இல்தான் தளர்த்தியது.