நடத்தாமல் விட்ட கடைசி யூனிட்



"சார், பழைய நினைவுகளை ஒரு கட்டுரையா எழுதித் தாங்க" என்று மலர்க்குழுத் தம்பிகள் கேட்டார்கள். விடுதிச் சாம்பாரைப் பற்றியும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ஒரு பழைய அரியரை முடிக்க வந்திருக்கிறேன்.

எங்கள் பி.எஸ்ஸி. இயற்பியல் பாடத்தில் கடைசி யூனிட் 'அடிப்படைத் துகள்கள்'. "அதுல ஒரு அஞ்சு மார்க்தான் வரும், சாய்ஸ்ல விட்டுருங்கடா" என்றார்கள் சீனியர்கள். விட்டுவிட்டோம். பிறகு நானே ஆசிரியரானேன். ஒருநாள் வகுப்பில், விளாத்திகுளம் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "சார், புரோட்டானுக்குள்ள என்ன சார் இருக்கு?" என்று கேட்டாள். "அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முகம் மறக்கவில்லை. இந்தக் கட்டுரை அவளுக்கான பதில்.

ஒன்றையொன்று தள்ளவேண்டிய புரோட்டான்கள் அணுக்கருவுக்குள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன? இடையில் ஒரு துகள் போய்வந்து பிணைக்கிறது என்று 1935இல் ஜப்பானியர் யுகாவா கணித்தார். எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட எடை என்பதால் மீசான் என்ற பெயர் அமைந்தது. நம் நாட்டிலும் தேடினார்கள். டார்ஜிலிங் மலைகளில் டி.எம்.போஸும் பீபா சௌதுரி என்ற பெண் விஞ்ஞானியும் போட்டோ பிளேட்டுகளை வைத்து, காஸ்மிக் கதிர்கள் விட்டுச்சென்ற தடங்களை ஆராய்ந்தார்கள். முடிவுகள் 1941, 42இல் 'நேச்சர்' இதழில் வந்தன. போர்க்காலம்; நல்ல பிளேட்டு கிடைக்கவில்லை. 1947இல் மேம்பட்ட பிளேட்டுகளுடன் பவல் குழுவினர் பையானைக் கண்டுபிடித்தார்கள். 1950இல் நோபல் பரிசு பவலுக்குப் போயிற்று.

அடுத்து கேயான்கள் வந்தன. இன்னும் என்னென்னவோ வந்தன. இந்தக் கூட்டத்தை வரிசைப்படுத்தியவர் மர்ரே கெல்மான். 1961இல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் நடத்திய கோடைப் பள்ளியில் அவரும் ரிச்சர்ட் டாலிட்ஸும் பாடம் எடுத்தார்கள். எட்டெட்டாக அடுக்கும் முறை அப்போது சூடு ஆறாத புதுச் சரக்கு! பையான் மூன்று, கேயான் நான்கு. எட்டாவது இடம் காலி. அதே 1961இல் ஈட்டா மீசான் கிடைத்து அந்த இடத்தில் உட்கார்ந்தது.

இந்தக் கதையில் நம் சீமைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பது வேலையில் இருந்தவரை எனக்குத் தெரியாது. ஜி.ராஜசேகரன், 1936இல் கமுதியில் பிறந்தவர். குண்டாற்றங்கரைக் கமுதிதான்! சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தார். பின்பு அதே டாலிட்ஸிடம் ஆய்வு செய்து, 1965இல் சிகாகோ பல்கலைக்கழக டாக்டர் பட்டம் பெற்றார்.

அதற்குள் 1964இல் கெல்மானும் ஸ்வைக்கும் தனித்தனியே குவார்க் கருத்தைச் சொல்லிவிட்டார்கள். கணக்கு மிகச் சுலபம், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அப், டௌன், ஸ்ட்ரேஞ்ச் என மூன்று குவார்க்குகள். மூன்றுக்கும் ஒவ்வோர் எதிர்க்குவார்க் உண்டு. ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் ஒரு மீசான். மூமூன்று ஒன்பது! அப்புடன் எதிர்-டௌன் சேர்ந்தால் நேர்மின் பையான். டௌனுடன் எதிர்-அப் சேர்ந்தால் எதிர்மின் பையான். ஒரு பக்கம் மட்டும் ஸ்ட்ரேஞ்ச் வரும் ஜோடிகள் நான்கு, அவையே கேயான்கள். தன் எதிரியோடு தானே சேர்ந்த ஜோடிகள் மூன்று. அவை கலந்துதான் மின்னூட்டமற்ற பையான், ஈட்டா, ஈட்டா பிரைம் ஆகியவை வருகின்றன. புரோட்டானுக்குள் இருப்பவை இரண்டு அப், ஒரு டௌன். இவ்வளவுதாம்மா பதில்!

எடைதான் வேடிக்கை. பையானின் நிறை சுமார் 140 மெகா எலக்ட்ரான் வோல்ட். உள்ளே உள்ள அப், டௌன் இரண்டின் நிறையையும் கூட்டினால் ஏழுதான் வருகிறது. மீதி எங்கிருந்து வந்தது? நம்ம ஊர் கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பைவிடப் பாகின் எடை பல மடங்கு என்றால் எப்படி? அதுதான் பையான். குவார்க்குகளைப் பிணைக்கும் விசையின் ஆற்றலே அந்தப் பாகு. பருப்பைத் தனியே பிய்த்தெடுக்கவும் முடியாது. இழுக்க இழுக்கப் புது ஜோடி பிறந்துவிடும்.

குவார்க்குக்கு மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று பின்ன மின்னூட்டம் சொல்கிறார்களே, முழு எண்ணாக இருந்தால் என்ன? 1975இல் பிரபீர் ராயுடன் சேர்ந்து ராஜசேகரன் அந்த வழியிலும் ஒரு கோட்பாட்டை அமைத்துப் பார்த்தார். உலகம் பின்னத்தின் பக்கம்தான் நின்றது. ஆனால் கேள்வியைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தாரே! நான் என் வகுப்பில் செய்யாதது அது. 1976இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1984இல் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கும் வந்து, பல தலைமுறை மாணவர்களை உருவாக்கி, 2023 மே மாதம் மறைந்தார்.

எல்லாம் முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். 980 மெகா எலக்ட்ரான் வோல்ட் பக்கம் சில லேசான மீசான்கள் இந்த ஜோடிக் கணக்குக்குள் சரியாக உட்கார மறுக்கின்றன. உள்ளே இரண்டு குவார்க்கும் இரண்டு எதிர்க்குவார்க்குமாக நாலு பேர் இருக்கலாம் என்று 1977இல் ஜாஃபி சொன்னார். இன்னும் விவாதம் ஓயவில்லை.

கரிசல் மண் மேலே வெடித்துக் கிடந்தாலும் அடியில் ஈரம் வைத்திருக்கும். அதை நம்பித்தான் நம் முன்னோர் விதைத்தார்கள். இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! கடைசி யூனிட்டைச் சாய்ஸில் விடாதீர்கள். ஆசிரியராகப் போகிறவர்களே, எழுந்து நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். என் அரியர் இன்றோடு தீர்ந்தது.

வாழ்க நம் கல்லூரி!