ஒரு பொய் அறிக்கையும் ஒரு முட்டைக்கோசும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், வகுப்புச் சுவரில் தொங்கிய உலகப் படத்தின் அடியில் கெர்கேலென் என்று ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சென்ற மாதம் ரெயூனியன் தீவிலுள்ள என் மைத்துனர் மகன், அங்கிருந்து கப்பலில் அந்தத் தீவுக்குப் போய் வந்து படங்கள் அனுப்பியிருந்தான். ஒரே நாளில் ராஜ பென்குயின் கூட்டம், யானைச் சீல்கள், அல்பட்ராஸ் எல்லாம் பார்த்தானாம். "மாமா, பென்குயின் பக்கத்தில் வந்து என் பூட்சைப் பார்த்தது" என்று எழுதியிருந்தான்.

மனிதரைக் கண்டு அஞ்சாத அந்தக் குணமே ஒரு காலத்தில் அவற்றுக்கு வினையாயிற்று.

1772 பிப்ரவரியில் கெர்கேலென் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தொலைவிலிருந்து அந்தக் கரையைக் கண்டார். தாம் கரையிறங்காமலே பிரான்ஸ் திரும்பி, வளமான தென்கண்டம் கண்டதாக அரசரிடம் சொன்னார். இரண்டாம் பயணத்தில் குட்டு வெளிப்பட்டது; 1775இல் இராணுவ நீதிமன்றம் தண்டித்துச் சிறைக்கு அனுப்பியது. 1776 கிறிஸ்துமஸ் சமயம் அங்கு வந்த கேப்டன் குக்கின் ஆட்கள், பிரெஞ்சுக்காரர் ஒரு புட்டியில் வைத்துப்போன தோல்தாளைக் கண்டெடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் தம் கப்பல்களின் பெயரை எழுதி, குக் அதைத் திரும்ப வைத்தார். தீவுக்கு அவர் நினைத்த பெயர் 'பாழ்த்தீவு'.

பிறகு எண்ணெய்க்காகச் சீல்களை வேட்டையாடினார்கள். 1874இல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த ஆங்கிலேயர் முயல்களை விட்டுப்போனார்கள். ஸ்கர்வி நோய் தீர மாலுமிகள் தின்ற கெர்கேலென் முட்டைக்கோசை அவை மேய்ந்து தீர்த்தன. பின்னால் வந்த பூனைகள் கடற்பறவைகளைப் பிடித்தன.

இன்று அது பாதுகாக்கப்பட்ட இடம். 2019இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

முப்பது வருஷம் கோப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கெர்கேலெனின் பொய் அறிக்கை அவரைத்தான் கெடுத்தது. முயலை இறக்கியவர் யார் மீதும் எந்தக் கோப்பும் எழவில்லை. ஆனால் அந்தக் கணக்கை முட்டைக்கோசுதான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.