உரியவருக்கு உரியதை வழங்கிய கணிதம்



பள்ளிக்கூடத்தில் பயிலும் நம் பிள்ளைகளிடம் எண்களை எழுதிக் கொடுத்தால் கூட்டியும் கழித்தும் விரைவில் விடை சொல்லிவிடுகின்றனர். அதே கணக்கு நான்கு வரி வாக்கியமாக வந்துவிட்டால் தயங்கி நின்றுவிடுகின்றனர். பெரியவர்களாகிய நம் நிலையும் ஏறக்குறைய அதுவே. திருமணச் செலவு, வேலையாளின் கூலி, சொத்துப் பங்கீடு ஆகிய அனைத்தும் நம்மிடம் வாக்கியங்களாகவே வருகின்றன. வாக்கியத்தைக் கணக்காக்கத் தெரியாதபோது ஒன்று நாம் ஏமாறுகிறோம். அல்லது நம்மை அறியாமலேயே பிறர் உரிமையைப் பறித்துவிடுகிறோம்.

இந்தக் குறையைப் போக்கவே ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் பக்தாத் நகரில் ஒரு நூல் எழுதப்பட்டது.

பக்தாதில் பிறந்த நூல்

அந்நூலின் ஆசிரியர் முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ ஆவார். ஏரல் கடலுக்குத் தெற்கே அமைந்த குவாரிஸ்ம் என்னும் நிலப்பகுதியின் பெயரால் அவர் அழைக்கப்பட்டார். கி.பி. 813 முதல் 833 வரை ஆட்சி செய்த அப்பாஸிய கலீஃபா மஃமூன் அவர்களின் காலத்தில், ‘பைத்துல் ஹிக்மா’ என்னும் அறிவகத்தில் அவர் பணியாற்றினார். ‘ஜப்ர்’, ‘முகாபலா’ என்னும் இரு சொற்களைத் தலைப்பில் தாங்கிய அந்நூலை மஃமூனின் ஊக்கத்தினால்தான் எழுதியதாக முன்னுரையில் குறிப்பிடுகிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்குகள், வணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கைத் தருவதே தம் நோக்கம் என்றும் அங்கே கூறுகிறார்.

இவருக்கு முன்னரே பாபிலோனியரும் கிரேக்கரும் இந்தியாவின் பிரம்மகுப்தரும் இத்துறையில் உழைத்துள்ளனர். இந்திய எண்முறையை விளக்கித் தனி நூலே எழுதியவர் அல்குவாரிஸ்மீ. எனினும் சிதறிக் கிடந்த வழிமுறைகளை ஆறு வகைச் சமன்பாடுகளாக ஒழுங்குபடுத்தி, எவரும் கற்கத்தக்க தனிக் கலையாக அமைத்தது அவருடைய சிறப்பாகும்.

தெரியாததற்கு ஒரு பெயர்

அவர் கையாண்ட வழி எளிமையானது. வாக்கியத்தில் நமக்குத் தெரியாத அளவு எதுவோ, அதற்கு முதலில் ஒரு பெயர் சூட்டுகிறார். அப்பெயர் ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’ என்பதாகும். பிறகு வாக்கியம் சொல்வதையெல்லாம் அப்பெயரைக் கொண்டே திருப்பிச் சொல்கிறார்.

அவர் நூலில் உள்ள ஒரு கணக்கைப் பாருங்கள். பத்தை இரு பகுதிகளாகப் பிரிக்கிறோம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் நான்கு வருகிறது. அப்பகுதிகள் எவை? சிறிய பகுதியை ‘ஷைஉ’ என்போம். அப்படியானால் பெரியது, பத்தில் ஒரு ‘ஷைஉ’ குறைந்தது. அது நான்கு ‘ஷைஉ’க்குச் சமம். குறைந்துள்ள ‘ஷைஉ’வை இரு பக்கத்திலும் சேர்த்தால், பத்து என்பது ஐந்து ‘ஷைஉ’ ஆகிறது. எனவே சிறியது 2, பெரியது 8.

இவ்வாறு குறையை நிறைவு செய்வதற்கே ‘ஜப்ர்’ என்று பெயர். முறிந்த எலும்பைப் பொருத்துவதையும் அரபியில் இச்சொல்லால் குறிப்பர். காயத்தின் கட்டின் மீது மஸ்ஹு செய்யும் சட்டத்தில் ‘ஜபீரா’ என்னும் சொல்லை நாம் ஓதியிருக்கிறோம். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. இரு பக்கத்திலும் உள்ள ஒரே இனத்தை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது ‘முகாபலா’ ஆகும்.

கூலியாளின் ஆறு நாள்

கொடுக்கல் வாங்கல் பற்றிய பகுதியில் அவர் ஒரு பொது விதியைத் தருகிறார். எந்த வணிகத்திலும் அளவு, அதன் விலை, வாங்கும் அளவு, கொடுக்கும் தொகை என நான்கு எண்கள் உள்ளன. மூன்று தெரிந்தால் நான்காவதைக் கண்டுவிடலாம்.

அதற்கு அவர் காட்டும் உதாரணங்களுள் ஒன்று கூலியாளைப் பற்றியது. மாதத்திற்குப் பத்து திர்ஹம் கூலி பேசப்பட்ட ஒருவர் ஆறு நாள் மட்டும் உழைத்தார். அவருக்குச் சேர வேண்டியது எவ்வளவு? பத்தை ஆறால் பெருக்கி, மாதத்தின் 30 நாளால் வகுத்தால் 2 திர்ஹம். கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. அந்தக் கூலி எவ்வளவு என்பதில் ஐயமிருந்தால் அக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்ற இயலும்?

மூன்று பெண் மக்களின் பங்கு

நூலின் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கணக்கு இது: ஒரு பெண் இறந்துவிடுகிறார். கணவர், ஒரு மகன், மூன்று மகள்கள் வாரிசுகள். தம் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வேறொருவருக்குச் சேர வேண்டுமென அவர் வஸிய்யத் செய்துள்ளார்.

வஸிய்யத்தின் இரு பின்னங்களையும் கூட்டினால் 56இல் 15 பங்கு. இது மூன்றில் ஒன்றுக்குள் அடங்குவதால் நிறைவேற்றத்தக்கது. வாரிசுகளுக்கு எஞ்சுவது 56இல் 41 பங்கு. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்களின்படி கணவருக்கு நான்கில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. எனவே எஞ்சியதை இருபது கூறாக்கினால் கணவருக்கு 5, மகனுக்கு 6, ஒவ்வொரு மகளுக்கும் 3 கூறுகள்.

மொத்தச் சொத்தை 1,120 என்று கொண்டால் வஸிய்யத் 300, கணவருக்கு 205, மகனுக்கு 246, ஒவ்வொரு மகளுக்கும் 123. கூட்டிப் பாருங்கள், ஒன்றுகூட மிஞ்சாது, குறையாது. “ஏதோ கொஞ்சம் கொடுத்துவிட்டோம்” என்று சகோதரிகளை அனுப்பிவிடும் வழக்கத்திற்கு இக்கணக்கில் இடமே இல்லை.

‘ஷைஉ’ மேற்கே சென்றது

அல்குவாரிஸ்மீ குறியீடு எதையும் பயன்படுத்தவில்லை. அனைத்தையும் சொற்களாலேயே எழுதினார். 1145ஆம் ஆண்டு ஸ்பெயினில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. ‘ஜப்ர்’ என்னும் சொல்லே ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. நாம் அதை இயற்கணிதம் என்கிறோம். ஆசிரியரின் பெயரிலிருந்து ‘அல்காரிதம்’ என்னும் சொல் பிறந்தது. ‘ஷைஉ’ இத்தாலியில் ‘கோசா’ என வழங்கியது. 1591இல் பிரான்சு நாட்டின் வியேட், அளவுகளை எழுத்துகளால் குறிக்கும் முறையை விரிவாகக் கையாண்டார். நம் பிள்ளைகள் இன்று எழுதும் எழுத்துச் சமன்பாடு இவ்வாறு வளர்ந்து வந்ததே.

நம் இல்லங்களில்

வலீமா விருந்துக்கு மண்டப வாடகை 20,000 ரூபாய், ஒருவர் சாப்பாட்டுக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விருந்தினர் எண்ணிக்கையே தெரியாத ‘ஷைஉ’. செலவு = 20,000 + 200 × விருந்தினர். கையில் இருப்பது ஒரு இலட்சம் ரூபாய். இரு பக்கத்திலும் 20,000ஐக் கழித்தால் 80,000. அதை 200ஆல் வகுத்தால் 400 பேர். 401ஆவது விருந்தினரிலிருந்து ஒவ்வொருவரும் 200 ரூபாய்க் கடனாக நம் வீட்டுக்குள் வருகிறார். “நாலு பேர் கூட வந்தால் என்ன” என்னும் பேச்சில் மறைந்து நிற்பதை அந்த ஒரு வரி வெளிக்காட்டிவிடுகிறது.

கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. பேச்சை எழுத்தாக்குவது தகராறைத் தடுக்கிறது. எழுத்தைக் கணக்காக்குவது அநீதியைத் தடுக்கிறது. ஆகவே அன்புச் சகோதர சகோதரிகளே, வீட்டுச் செலவையும் ஜகாத்தையும் பங்கீட்டையும் கணக்கிடும்போது பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். “நமக்குத் தெரியாதது எது? அதற்கு ஒரு பெயர் வை” என்று முதலில் கேளுங்கள். மீதி வழியை அவர்களே கண்டுகொள்வர்.

அளவிலும் நிறுவையிலும் பங்கீட்டிலும் நீதி தவறாத குடும்பங்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.