படைவலிமையும் மக்களாட்சியும்: ஹைட்டி, ஜப்பான் ஆக்கிரமிப்புகள் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

அயல்நாட்டுப் படை ஒரு நாட்டில் மக்களாட்சியை நிறுவ இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. அமெரிக்கா ஹைட்டியில் (1915–1934) நடத்திய ஆக்கிரமிப்பும், ஜப்பானில் (1945–1952) அதன் தலைமையில் நடைபெற்ற ஆக்கிரமிப்பும் ஒப்பிடப்படுகின்றன. மக்களாட்சிக்குத் தடையாக நிற்கும் ஆற்றலைப் படை அகற்றக்கூடும். மக்களின் சொந்த அரசியல் நிறுவனங்களுக்கு அது மாற்றாக முடியாது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: மக்களாட்சி, ஆக்கிரமிப்பு, அரசியலமைப்பு, ஹைட்டி, ஜப்பான்.

முன்னுரை

ஈராக் போர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 2003 பிப்ரவரி 26 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் ஆற்றிய உரையில் ஜப்பானையும் ஜெர்மனியையும் முன்மாதிரிகளாகச் சுட்டினார். தோல்வியுற்ற நாடுகளில் அமெரிக்கா அரசியலமைப்புகளையும் நாடாளுமன்றங்களையும் விட்டுச்சென்றது என்பது அவர் வாதம். இவ்வாதத்தை முன்வைப்போர் ஹைட்டியைக் குறிப்பிடுவது அரிது. ஜப்பானில் ஏழு ஆண்டுகளுக்கும் குறைவாக நீடித்த ஆக்கிரமிப்பு ஹைட்டியில் பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. இரு நாடுகளிலும் ஆக்கிரமிப்பாளரின் துணையுடன் புதிய அரசியலமைப்பு இயற்றப்பட்டது. எனினும் விளைவுகள் முற்றிலும் வேறுபட்டன.

ஹைட்டி: கலைக்கப்பட்ட அவை

அடிமைமுறையையும் பிரெஞ்சு ஆட்சியையும் வீழ்த்தி 1804இல் விடுதலை பெற்ற நாடு ஹைட்டி. குடியரசுத் தலைவர் வில்பிரன் கியோம் சாம் கொல்லப்பட்டதை அடுத்து, 1915 ஜூலை 28 அன்று அமெரிக்க மரைன் படையினர் அங்குத் தரையிறங்கினர். அவ்வாண்டே செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கை சுங்கத்தையும் நிதியையும் அமெரிக்கரின் மேற்பார்வையில் வைத்தது. அமெரிக்க அதிகாரிகளின் தலைமையில் ஒரு காவற்படையும் உருவாயிற்று.

அயல்நாட்டார் நிலவுடைமை பெறுவதை ஹைட்டியின் அரசியலமைப்புகள் விடுதலைக் காலம் முதல் தடுத்துவந்தன. அத்தடையை நீக்கும் புதிய வரைவைத் தேசிய அவை ஏற்க மறுத்தது. 1917இல் ஸ்மெட்லி பட்லரின் தலைமையிலான காவற்படை அவைக்குள் நுழைந்து அதனைக் கலைத்தது. மறு ஆண்டு, படையினரின் கண்காணிப்பில், பெரும்பாலோர் எழுத்தறிவு பெற்றிராத நாட்டில் பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டு அவ்வரைவு நிறைவேற்றப்பட்டது. எதிர்த்து விழுந்த வாக்குகள் ஆயிரத்தை எட்டவில்லை. 1930 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் கூடவில்லை. சாலைப் பணிக்கு உழவர்களைக் கட்டாயமாக ஈடுபடுத்தியது கிளர்ச்சிக்கு வித்திட்டது; அதன் தலைவர் ஷார்லமான் பெரால்ட் 1919இல் கொல்லப்பட்டார்.

1934இல் மரைன் படையினர் வெளியேறியபோது சாலைகளும் மருத்துவமனைகளும் எஞ்சின. அவற்றைவிட வலிமையாக எஞ்சியது, தலைநகரிலிருந்து நாடு முழுவதையும் கட்டுப்படுத்தவல்ல ஆயுதப்படை ஆகும். அப்படையே 1946இலும் 1950இலும் குடியரசுத் தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கியது. 1957இல் ஆட்சிக்கு வந்த பிரான்சுவா துவாலியே 1964இல் தம்மை வாழ்நாள் தலைவராக அறிவித்துக்கொண்டார். அவர் குடும்பத்தின் ஆட்சி 1986 வரை நீடித்தது.

ஜப்பான்: மீட்டெடுக்கப்பட்ட மரபு

1945 ஜூலை 26இல் வெளியிடப்பட்ட போட்ஸ்டாம் பிரகடனம், ஜப்பானிய மக்களிடையே மக்களாட்சிப் போக்குகள் மீண்டெழுவதற்கும் வலுப்பெறுவதற்கும் உள்ள தடைகளை ஜப்பானிய அரசே அகற்ற வேண்டும் எனப் பணித்தது. ‘மீண்டெழுதல்’ என்னும் கருத்து ஈண்டுக் கவனத்திற்குரியது. முன்பு இருந்த ஒன்றே மீண்டெழ இயலும்.

ஜப்பானில் அவ்வாறு ஒரு மரபு இருந்தது. 1889இல் அரசியலமைப்பு வழங்கப்பட்டு, 1890இல் நாடாளுமன்றம் கூடியது. 1924 முதல் 1932 வரை கட்சி அமைச்சரவைகள் ஆண்டன. 1925இல் 25 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். பெண்களுக்கு வரையறுக்கப்பட்ட உள்ளாட்சி உரிமை வழங்கும் மசோதா 1931இல் கீழவையில் நிறைவேறி, பிரபுக்கள் அவையில் வீழ்ந்தது. இம்மரபு வலிமையானதன்று. கருத்துரிமையை ஒடுக்கிய அமைதிக் காப்புச் சட்டமும் 1925இல் பிறந்ததே. 1932இல் தலைமையமைச்சர் இனுகாய் கடற்படை இளநிலை அதிகாரிகளால் கொல்லப்பட்டதும் கட்சி ஆட்சி முடிந்தது. 1940இல் கட்சிகள் கலைந்தன. ஆனால் அவற்றில் பயின்றோர் மறையவில்லை. சரணடைந்த சில மாதங்களிலேயே கட்சிகள் மீண்டும் தோன்றின. 1946 ஏப்ரல் தேர்தலில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 39 பெண்கள் வெற்றி பெற்றனர்.

1946 பிப்ரவரியில் மெக்ஆர்தரின் தலைமையகம் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அரசியலமைப்பை வரைந்தது என்பது உண்மை. ஆயினும், ஜப்பானிய அறிஞர் குழு ஒன்று முந்தைய டிசம்பரில் வெளியிட்டிருந்த வரைவை அத்தலைமையகம் ஆராய்ந்திருந்தது. ஓரவைக்குரிய வரைவு, ஜப்பானிய அரசின் வலியுறுத்தலால் ஈரவையாக மாறியது. குறைந்தபட்ச வாழ்க்கைத்தரத்திற்கான உரிமை நாடாளுமன்றத்தில் சோசலிசக் கட்சியினரின் முயற்சியால் சேர்க்கப்பட்டது. ஹைட்டியில் வரைவை மறுத்த அவை கலைக்கப்பட்டது. ஜப்பானில் வரைவைத் திருத்தும் வாய்ப்பு அவைக்கு இருந்தது.

மறுப்புகளும் விளக்கமும்

ஹைட்டியில் மக்களாட்சி நோக்கமாக இருக்கவில்லை என்பதால் இவ்வொப்பீடு பொருந்தாது எனலாம். நோக்கம் வேறுபட்டது உண்மையே. ஆனால் ஜப்பானிலும் நோக்கம் நிலையாக இருக்கவில்லை. ஆக்கிரமிப்பைக் குறைகூறும் எழுத்துகள் தணிக்கைக்கு உள்ளாயின. 1947 பிப்ரவரி 1இல் தொடங்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை மெக்ஆர்தர் தடைசெய்தார். பனிப்போர் மூண்டபின் சீர்திருத்தம் பின்தள்ளப்பட்டது. அதன்பின்னும் மக்களாட்சி நிலைத்தது. 1955இல் தோன்றிய லிபரல் ஜனநாயகக் கட்சி அரசியலமைப்பைத் திருத்துவதைக் குறிக்கோளாகக் கொண்டு, பெரும்பாலான ஆண்டுகள் ஆட்சியிலும் இருந்தது. எனினும் 1947 மே 3இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் ஒரு திருத்தமும் நிறைவேறவில்லை. அதனைக் காத்தவர்கள் ஜப்பானிய வாக்காளர்களும் எதிர்க்கட்சிகளும் ஆவர்.

தொழில்வளம், பரவலான எழுத்தறிவு, முழுமையான சரணாகதி ஆகியவை ஜப்பானுக்குத் துணைநின்றன என்பதும் மறுக்கத்தக்கதன்று. அவையும் ஆக்கிரமிப்பாளர் கொண்டுவந்தவையல்ல. சரணாகதி ஒன்றே போரின் விளைவு. ஆகவே இம்மறுப்பு மேற்கண்ட முடிபுக்கு வலுச்சேர்க்கிறது.

முடிவுரை

ஜப்பானில் படைவலிமை செய்தது, மக்களாட்சியை நசுக்கிய இராணுவ ஆதிக்கத்தை அகற்றியதாகும். அச்செயலுக்கு ஜப்பானிய மக்கள் உட்பட இலட்சக்கணக்கானோர் உயிர்விலை கொடுத்தனர். அகற்றிய இடத்தை நிரப்பியவை உள்நாட்டு நாடாளுமன்றம், கட்சிகள், நிருவாகம் ஆகியவை. இராணுவத்தைக் கலைக்கும் பணியையும் ஜப்பானிய அமைச்சகங்களே நிறைவேற்றின. ஈராக்கில் 2003 மே மாதத்தில் ஆக்கிரமிப்பு நிருவாகம் தன் ஆணைகளால் பாத் கட்சியின் உயர்நிலையினரைப் பதவிநீக்கி இராணுவத்தைக் கலைத்தபோது, அப்பணியை ஏற்று நடத்தத்தக்க உள்நாட்டு அரசு எதுவும் இருக்கவில்லை. எனவே ஜப்பானைச் சான்றுகாட்டுவோர், வென்ற படையின் திறனைவிட, தோற்ற நாட்டில் முன்பே இருந்த அரசியல் வாழ்வை முதலில் ஆராய்தல் வேண்டும். ஹைட்டியில் அத்தகைய வாழ்வின் மையமாக இருந்த அவையைக் கலைத்தது ஆக்கிரமிப்புப் படையே என்பதும் அவ்வாராய்ச்சியில் இடம்பெறத்தக்கது.